தேயிலைப் பெட்டிக்குள் வைஃபை

ராஜகுமாரிக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் நாள். மற்ற ஆறும் அதற்குக் காத்திருக்கும் பொழுதுகள். கத்தாரில் அவள் கணவன் சசிதரனுக்கு அன்றுதான் லீவு. அறையில் கூட இருப்பவர்கள் கடைக்குப் போன நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிடுவான். இங்கே அப்போது மதியம் இரண்டு மணி. அந்த அரை மணி நேரத்துக்காக அவள் தலைக்குக் குளித்து, சலவைச் சேலை கட்டி, பூ வைத்துக்கொள்வாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷனுக்காக இவள் சிங்காரித்துக்கொண்டது இந்த இரண்டு வருஷம்தான் என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அவர்களுடைய புருஷன்மார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள்.

சசிதரன் ஆசைப்பட்டுக் கடல் தாண்டியவனில்லை. மலையில் அரவேணு ஊருக்குக் கீழே எஸ்டேட் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவன். தேயிலை விலை விழுந்தது. இன்று ஏறும் நாளை ஏறும் என்று பார்த்திருக்க, இன்னும் விழுந்தது. முதலில் ராஜகுமாரி வேலை பார்த்த பேக்கிங் செக்ஷனை மூடினார்கள். பிறகு ஃபாக்டரி வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. மகள் வனிதா மேட்டுப்பாளையத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கச் சேர்ந்திருந்தாள். ரெண்டே வருஷம், ஆவணியில் வந்துடுவேன் என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறினான். இப்போது ஆடி பிறந்துவிட்டது.

போன மாதம் அந்த மூன்று நாள் வேலையும் நின்று, ஃபாக்டரி கேட்டில் பூட்டுத் தொங்கியது. அதை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

லயம் பள்ளத்தில் இருந்தது. செல்போன் டவர் மலைக்கு அந்தப் பக்கம்; பேசத்தான் எட்டும், வீடியோவுக்கு எட்டாது. இன்டர்நெட் ஒயர் மேலே ரோட்டோரத்தில் மருதாம்பாள் அக்கா கடை வரைக்கும்தான் வந்தது. சசிதரன் போகிற அன்று ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி வந்தான். கடையிலிருந்து வரும் வைஃபையைப் பிடித்து வீட்டுக்குள் கொடுக்கிற, சோப்புப் பெட்டி அளவு சாமான். கடையைப் பார்த்த ஜன்னலோரம் அதை மாட்டிவிட்டு, பச்சை லைட் எரியுதா பாத்துக்க, அது எரியுற வரைக்கும் நான் பக்கத்துலதான் இருக்கேன் என்றான். அவனைவிட அந்தப் பச்சை லைட்டை அவள் அதிகம் பார்த்திருப்பாள்.

இந்த ஆனியில் மழை பிடித்தது. ஜன்னல் இடுக்கு வழியாக மேகம் வீட்டுக்குள் நுழைந்தது, சுவர் வேர்த்தது, கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய நீர் எக்ஸ்டெண்டர் மேல் விழுந்தது. அது செத்துப்போனால் வெள்ளிக்கிழமையும் செத்துப்போகும்.

வீட்டில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி கிடந்தது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது சசிதரன் வீட்டார் பாத்திரம் பண்டம் போட்டுக் கொண்டுவந்தது. பலகைப் பெட்டி, உள்ளே நாலு பக்கமும் மூடியிலும் ஈயத்தாள். பேக்கிங் செக்ஷனில் பதினோரு வருஷம் நின்றவளுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் ஒன்று தெரியும்: ஈயத்தாளுக்குள் போனதை ஈரம் தொடாது. பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்தாள். எக்ஸ்டெண்டரை உள்ளே உட்காரவைத்து, மூடியைச் சாத்தி, ஜன்னலடியில் வைத்தாள். வெளியே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். புருஷன் முகம் வருகிற வழியாயிற்றே.

அந்த வாரத்திலிருந்து முகம் வரவில்லை. வந்தாலும் பாதியில் நின்றது. கண் மூடியபடி, வாய் கோணியபடி எங்கேயாவது சிக்கிக்கொண்டான். குரல் வந்தால் படம் வராது, படம் வந்தால் குரல் வராது. மழைக்குத்தான் இப்படி என்றார்கள் எல்லோரும். மழையும் அதே வாரம் வந்ததால் அவளும் நம்பினாள். மருதாம்பாள் அக்கா மட்டும், "என்ற ஊட்ல நல்லாத்தான் வருதுங்க அம்மிணி, உன்ற பொட்டிலதான் என்னமோ கோளாறு" என்றாள்.

அவள் செய்யாத வைத்தியமில்லை. அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். காதுத் தோட்டின் தண்டால் ரீசெட் ஓட்டையைக் குத்தினாள். அதிசயம் என்னவென்றால், திறந்துவைத்துக் குத்தும்போது பிசகாமல் வேலை செய்தது; மூடிவிட்டு நகர்ந்தால் மக்கர் பண்ணியது. என்னைக் கண்டால் மட்டும் யோக்கியன் மாதிரி நடிக்கிறது என்று அதைத் திட்டினாள். கம்பெனிக்கு போன் போட்டபோது ஒரு பெண் லைட் என்ன நிறம் என்று கேட்டாள். ஒயர் ஓட்டையில் கண் வைத்துப் பார்த்து, ஒரு நேரம் பச்சை, ஒரு நேரம் சிவப்பு என்றாள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஈரம் படாத இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாள். ரொம்ப நல்லது மேடம் என்றாள் அந்தப் பெண். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு குற்றமுமில்லை.

மூன்று வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. மூன்று முறையும் அவள் டிக்கெட் எப்போ என்று கேட்டாள். மூன்று முறையும் அவன் முகம் அப்படியே நின்றது. அப்புறம் சிக்னல் சரியில்ல, வைக்கிறேன் என்று மெசேஜ் வந்தது. பாழாய்ப்போன மழை என்று அவள் பூவை எடுத்துப் போட்டாள்.

நாலாவது வெள்ளியும் அவன் முகம் வந்ததும் நின்றது. அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போனும் கையுமாக ஜன்னலுக்குப் போய், எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிப் போடலாமென்று மூடியைத் திறந்தாள்.

"ராஜி, இருக்கியா?" என்றான் சசிதரன். குரலும் முகமும் ஒன்றாக வந்தன.

ஈரம் படுமே என்று மூடினாள். நின்றுபோனான். திறந்தாள். வந்தான். இன்னொரு தடவை மூடித் திறந்த பிறகு அவளுக்குப் புரிந்தது. தூளின் வாசத்தை வெளியே விடாத தாள், கடையிலிருந்து வரும் வைஃபையை மட்டும் உள்ளே விடுமா? பத்திரப்படுத்தியதும் அவள் கை, மறித்ததும் அவள் கை. தலையில் அடித்துக்கொண்டு அவனிடம் சொன்னாள். பொட்டு வைத்ததையும் சொன்னாள். சசிதரன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! காதோரம் நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. கையை நீட்டித் தொட வேண்டும்போல் அவளுக்கு இருந்தது.

அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டாள். "டிக்கெட் எப்போங்க போட்டிருக்கீங்க?"

முகம் நின்றது.

மூடி திறந்துதான் இருந்தது. குனிந்து பார்த்தாள், லைட் பச்சை. போனைத் தட்டினாள். அப்போதுதான் அவனுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரைக் கவனித்தாள். ஃபேன் காற்றில் அதன் தாள் படபடத்துக்கொண்டிருந்தது.

படம் நிற்கவில்லை. அவன்தான் நின்றிருந்தான்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் ராஜி," என்றான் கடைசியில். "ஃபாக்டரியப் பூட்டிட்டாங்கன்னு அங்க கூட வேலை பாத்த தனசிங் அண்ணன் போன்ல சொல்லிட்டாரு. நீ சொல்லல. நானும் சொல்லல."

ஆவணி அவ்வளவு பக்கத்தில் இருந்தது, ஒரே வாய்ச்சொல்லில் இரண்டு வருஷம் தள்ளிப் போய்விட்டது. பெட்டி மூடியின் மேல் அவள் கை இருந்தது. சாத்திவிட்டால் போதும், மழை, சிக்னல் என்று இரண்டு பேரும் பழையபடி தப்பித்துக்கொள்ளலாம். கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ங்க," என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே அசையாம இருங்க. இன்னிக்குத்தான் நல்லாத் தெரியுறீங்க. பாத்துக்கிறேன்."

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் காலண்டர் ஆடிக்கொண்டே இருந்தது.