கடல் ஆண்ட வீடு

1

அன்று இருந்தவர்கள்:

பவானி, எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை.
பச்சையம்மா, நெட்டுக்குப்பத்துப் பெண். ஜன்னலோர பெஞ்சு.
நவ்ரீன், அவளுக்குப் பக்கத்தில். வாய் ஓயாதவள்.
மற்றப் பிள்ளைகள்.
தங்கப்பாண்டி, தலைமையாசிரியர். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார்.
தாவூது பாய், பள்ளிக் காவலாளி. தாழ்வாரத்துக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

நான் இல்லை. இராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற வழியில் டீக்கடையில் தாவூது பாய் சொன்ன கதை இது. அவர் சொன்னது டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மீதி நான் போட்டது. எது அவருடையது, எது என்னுடையது என்று இப்போது எனக்கே தெரியாது. பத்தாவதோடு படிப்பை விட்டவன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நான் எழுதத்தான் போகிறேன்.

2

முதல் தொடக்கம்: "எண்ணூர் கழிமுகத்தில் பொழுது விடியும்போது, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்

வேண்டாம். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் புகைபோக்கியில் ஏறித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "பவானி ஒரு நல்ல ஆசிரியை."

உண்மைதான். ஆனால் இப்படி எழுதியதுமே அவள் கையில் குடையும் கண்ணில் கருணையும் வந்துவிடுகின்றன. பவானிக்கு இரண்டும் கிடையாது. கோபம் வந்தால் சாக்பீஸ் உடையும். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குள் அவள் வாயிலிருந்து ஓர் 'இன்னா' வராது. அந்தப் பேச்சை வீட்டுக்குப் போய் அம்மா முன்னால்தான் எடுத்து மாட்டிக்கொள்வாள், நைட்டி மாதிரி.

மூன்றாவது தொடக்கம்: "பச்சையம்மா வகுப்பில் பேசி இரண்டு வருஷம் ஆகிறது."

இதிலிருந்து போகலாம்.

3

ஆறாம் வகுப்பில் வேறொரு வாத்தியார் இருந்தார். பச்சையம்மா ஏதோ கேள்விக்கு எழுந்து, "எங்க வூட்ல கீது சார்"* என்றாள். 'வீட்டில் இருக்கிறது' என்று சரியாக வரும்வரை அவளை நிற்க வைத்தார். வகுப்பு சிரித்தது. அவள் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

(* இதைப் போனில் எழுதுகிறேன். 'கீது' என்று அடித்தால் போன் அதை 'கீதா' என்று திருத்துகிறது. எங்காவது விட்டுப்போயிருந்தால், அது பெண் பெயர் இல்லை.)

பவானி வந்தபோது அவளைப் பேச வைக்க முயற்சி எதுவும் செய்யவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். ஹாரன் அடித்தால் உள்ளே யாரும் பேச முடியாது. ஹாரன் ஓயும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் நன்றாகப் பதில் சொல்வதைப் பவானி கவனித்தாள். யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து ஹாரன் இல்லாதபோதும் கேள்வியைக் கேட்டுவிட்டு அந்த அளவுக்குக் காத்திருக்கப் பழகினாள்.

இன்னொன்றும் செய்தாள். "என்னிடம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு சொல்லுங்கள். அவர் எனக்குச் சொல்லட்டும்."

பச்சையம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது நவ்ரீன்.

"மிஸ், நேத்து இன்னா பண்ணேன்னு கேட்டீங்கள்ல? பச்சை இன்னா சொல்லுதுன்னா, அவங்க அப்பாகூட போட்ல போய் சுறா புட்ச்சிதாம்."

"நான் எங்கடி அப்டி சொன்னேன்!" பச்சையம்மா எழுந்தே விட்டாள். "மிஸ், இது பொய் வுடுது மிஸ்! மீன் கழுவுனேன்னுதான் சொன்னேன். சுறா கிறா எல்லாம் இது சேத்துக்கினுது!"

வகுப்பு சிரித்தது. பச்சையம்மாவும் சிரித்தாள். பவானி முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த பெஞ்சுக்குப் போனாள். நவ்ரீன் பொய் சொல்வாள் என்று தெரிந்துதான் அவர்களை ஒன்றாக உட்கார வைத்திருந்தாள் என்கிறார் தாவூது பாய். இருக்கலாம். தன் பேச்சை ஒருவர் மாற்றிச் சொன்னால் சும்மா இருக்க யாராலும் முடியாது என்று பவானி நம்பினாள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே நம்பிக்கை அவள் காலை வாரும்.

4

பவானியிடம் ஒரு பழக்கம் உண்டு. பலகையில் பிள்ளை எழுதியது தப்பாக இருந்தால் உடனே அழிக்க மாட்டாள். "நீ என்ன சொல்ல வந்தாய்?" என்று முதலில் கேட்பாள். பதில் வந்த பிறகுதான் சாக்பீஸைத் தொடுவாள். நான் படித்த காலத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்டிருந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. இது என் கதை இல்லை.)

அன்றைய பயிற்சி, செய்தி. டிவியில் கீழே ஓடுகிற மாதிரி இரண்டே வரி. உன் வீட்டுச் செய்தி, தெருச் செய்தி, எதுவானாலும் சரி. பச்சையம்மா தானாக எழுந்து போனாள். அதுவே பெரிய விஷயம். எழுதினாள்:

கடல் ஆண்ட வீடு இனி இல்லை.
அப்பால் நானும் இல்லை.

பவானி இரண்டு வரியையும் மறுபடி படித்தாள். கடல் ஆண்ட வீடு! ஒரு ராஜாவைப் போலக் கடல் ஆட்சி செய்த வீடு! அப்பால் நானும் இல்லை! இரண்டு வருஷம் ஊமையாக இருந்தவள் எழுதுகிற வரியா இது?

வாசலில் நின்ற தங்கப்பாண்டி மதுரைப் பக்கத்துக்காரர். "யாரும்மா எழுதுனது? இந்தப் புள்ளையா? யாத்தே! அப்பால் நானும் இல்லையாம்ல. பெரிய தத்துவம்ல இது!"

பச்சையம்மா சாக்பீஸோடு பலகை பக்கத்திலேயே நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே லாரி ஹாரன் அடித்தது. பவானி அன்றைக்குக் காத்திருக்கவில்லை. ஹாரனுக்கு மேலே கத்தினாள்: "எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள்.

தன் கேள்வியை அவள் ஏன் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். தப்பு இருந்தால்தான் அவள் கேட்பாள். அந்த இரண்டு வரியில் ஒரு பிழைகூட இல்லை.

5

தங்கப்பாண்டி அந்த வரிகளைத் தாழ்வாரத்துச் சுவரில் நீலப் பெயிண்ட்டில் எழுத வைத்தார். கீழே, பச்சையம்மா, எட்டாம் வகுப்பு. ஆய்வுக்கு வந்தவர்கள் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன இடத்தில் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. கூச்சம் என்று பவானி நினைத்தாள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஜன்னலோர இடம் காலியாக இருந்தது.

"பச்சை எங்கே?"

"அது வராது மிஸ்" என்றாள் நவ்ரீன்.

"ஏன்?"

"அதான் சொல்லிச்சே மிஸ்."

"யாரிடம் சொன்னாள்?"

"உங்களாண்டதான். போர்டுல எழுதிச்சே. நீங்ககூட செவுத்துல போட்டீங்களே."

பவானி அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ச் சுவர் முன்னால் நிறுத்தினாள். "படி."

நவ்ரீன் படிக்கும்போது எழுத்துக்கு மரியாதை தர மாட்டாள். தெருவில் பேசுகிற மாதிரிதான் படிப்பாள்.

"கடலாண்ட வூடு இனிமே இல்ல. அப்பால நானும் இல்ல."

பவானி அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

கடலாண்ட. கடைக்குப் பக்கத்தில் என்றால் கடையாண்ட, என்னிடம் என்றால் என்னாண்ட. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல். நேற்றுக்கூட அவள் அம்மா போனில், "பஸ் ஸ்டாண்டாண்ட நிக்கிறேன், வா" என்றிருந்தாள். ஆனால் அந்தச் சொல்லை எழுத்தில் பவானி ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரும் எழுதுவதில்லை. அப்பால என்றால் அப்புறம். பச்சையம்மா வகுப்பில் கற்றுக்கொண்டதையெல்லாம் போட்டு எழுதியிருந்தாள். வூட்டை வீடாக்கினாள். இல்லையை முழுதாக எழுதினாள். ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்து எழுதினால்தான் நல்ல தமிழ் என்று நினைத்து, கடலையும் ஆண்டவையும் பிரித்துவிட்டாள். அப்பாலவின் வாலை வெட்டினாள். கடற்கரை வீடு போய்விட்டது, அப்புறம் நானும் இங்கே இருக்க மாட்டேன். கேட்டது செய்தி, அவள் தந்ததும் செய்தி.

"நீங்கள் எல்லாரும் புரிந்துகொண்டீர்களா?"

"இன்னா மிஸ், புரியாம? உங்களுக்கும் தெரியும்னு நெனச்சோம். நீங்க கை தட்ட சொன்னீங்களா, நான்கூட, இன்னாடா இது, ஒருத்தி வூடு போச்சுன்றா, இவங்க கை தட்ட சொல்றாங்களேன்னு..." நவ்ரீன் நிறுத்திக்கொண்டாள். அவள் தானாகப் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

6

ஒரு நிமிஷம். தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் என்ன நினைத்தீர்கள்? ராஜாவா, கடலா?

'கடலுக்குப் பக்கத்து வீடு' என்று மாற்றிப் பார்த்தேன். யாரும் படிக்க மாட்டீர்கள் என்று தோன்றியது. பழையபடியே வைத்துவிட்டேன். பவானி தெரியாமல் செய்தாள். நான் தெரிந்தே செய்திருக்கிறேன்.

7

அன்று சாயங்காலமே பவானி நெட்டுக்குப்பம் போனாள். வீட்டின் முன்சுவர் இல்லை. வாசல் நிலை மட்டும் மணலில் நின்றது, அதற்குள்ளே அலை வந்து போய்க்கொண்டிருந்தது. பச்சையம்மாவின் தாய் செல்லம்மா இரண்டு தெரு தள்ளி, கொழுந்தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"வா டீச்சர். குந்து. எங்க குந்துவே, எல்லாம் ஈரம்."

"பச்சையம்மா...?"

"அவ அத்தக்காரி இட்டுகினு பூட்டா. நெல்லூர் பக்கம். எறா உரிக்கிற கம்பெனி. அங்கியே தங்கல், சோறு." அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொழுந்தன் வூட்ல எத்தினி பேர் படுக்கிறது, சொல்லு. வயசுப் பொண்ணு வேற."

"எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அரசு விடுதி இருக்கிறது. நானே சேர்த்திருப்பேன்."

இப்போது செல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர் இப்டி சொல்றே? சொல்லிச்சே! ஓடியாந்து, 'ம்மா, மிஸ்ஸாண்ட சொல்ட்டேன், எல்லாரும் கை தட்டுனாங்கோ'ன்னு சொல்லிச்சே! அந்த ஆஸ்டலுக்குத்தான் மிஸ்சு எதனா பண்ணுவாங்கோ, எதனா பண்ணுவாங்கோன்னு அத்தய நிறுத்தி வெச்சிருந்தா. அப்பால செவுத்துல பேர் எழுதுனீங்கோ, போட்டோ புடிச்சீங்கோ. சரி, இவங்க செய்றது இவ்ளோதான்னு கெளம்பிட்டா."

"அவள் ஏன் என்னிடம் மறுபடி கேட்கவில்லை? நவ்ரீன் மாற்றிச் சொன்னால் எழுந்து சண்டை போடுவாளே?"

"நவ்ரீனு அவ தோஸ்து. நீ டீச்சரு."

மீன் செதில் ஒன்று பவானியின் புடவையில் ஒட்டியது. அவள் தட்டிவிடவில்லை.

"போன் நம்பர் இருக்கிறதா?"

"போனு அத்தையாண்டதான் கீது. ரிங்கு போவுது, எடுக்க மாட்டறா. நீ வேணா போட்டுப் பாரு."

8

முடிவு ஒன்று: பவானி நெல்லூருக்கு பஸ் ஏறுகிறாள். எறா ஓட்டுக் குவியல்களுக்கு நடுவில் பச்சையம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். (எழுதினேன். பவானி மிக அழகாக அழுதாள். அழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: சில வருஷம் கழித்து பச்சையம்மா கவிஞராகி, ஒரு மேடையில்

சீ.

முடிவு மூன்று: பவானி வேலையை விட்டுவிடுகிறாள். (அதனால் யாருக்கு என்ன லாபம்? மற்றப் பிள்ளைகளும் அந்த ஆறாம் வகுப்பு வாத்தியார் மாதிரி ஒருவரிடம் போய் நிற்பார்கள்.)

தாவூது பாய் சொன்னது இவ்வளவுதான். மறுநாள் பள்ளி விட்டு எல்லாரும் போன பிறகும் பவானி தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுண்ணாம்பு வாளி கேட்டிருந்தாள். கொண்டுவந்து வைத்தார். வாளியில் கிடந்த வெள்ளையடிக்கிற மட்டையை அவள் தொடவில்லை.

"பூட்டணும்மா."

"இருங்க பாய். அப்பால வரேன்."

பள்ளிக்கூடத்துக்குள் அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை என்றார் பாய்.

"இதப் படிச்சப்போ உங்களுக்கு இன்னான்னு தோணுச்சு பாய்?"

"வூடு பூட்ச்சு, புள்ள போவுதுன்னு தோணுச்சு."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"நீங்களும் ஹெச்.எம். சாரும்தானம்மா பெயிண்ட்ல எழுத வெச்சீங்கோ. நாலு பேரு பாத்து ஒதவட்டும்னு நோட்டீசு மாரி போட்டுக்கீறீங்கோன்னு நெனச்சேன். நல்ல மனசுன்னு வூட்ல சொன்னேன்."

பவானி வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். சுவரில் எழுத்து அப்படியே இருந்தது. அழித்தால் பச்சையம்மா சொன்னது இரண்டாவது தடவையும் இல்லாமல் போகும் என்று நினைத்தாளோ, தெம்பில்லையோ. உங்களுக்கு எது பொருந்துகிறதோ போட்டுக்கொள்ளுங்கள். செல்லம்மா தந்த நம்பரை அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். ரிங் போகிற சத்தம் பாய்க்குக் கேட்டது. அது சட்டென்று நின்றது. அந்தப் பக்கம் எடுத்தார்களா, தானாக அறுந்ததா என்று அவருக்குத் தெரியாது. பவானி வாயைத் திறந்தாள். அதே நேரம் தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை அவள் ஒன்றும் பேசாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றதை மட்டும் பாய் பார்த்தார். அப்பால அவள் கேட்டது என்ன என்பதை நான் எழுதப் போவதில்லை. பலகை முன்னால் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி உங்களுக்கே தெரியும்.

பாய் கதவை இழுத்துச் சாத்தினார், பூட்டைப் போட்டார், ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.