ஆறு ஸ்டார்ட்டர்

“எங்க ஊர்ல ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சா கல்யாண வீடுன்னு அர்த்தம்,” என்றாள் பரிமளா. அவள் விழுப்புரம் பக்கத்துக் கெடார்க்காரி. வீட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விவசாயம்.

“எங்க குப்பத்துல எரிஞ்சா, கடலுக்குப் போன ஆளு இன்னும் கரைக்குத் திரும்பலைன்னு அர்த்தம்,” என்றாள் தமிழ்ச்செல்வி. மரக்காணத்துக்குப் பக்கத்தில் அவள் குப்பம்.

இரண்டு பேரும் லின்தோயைப் பார்த்தார்கள். மணிப்பூரிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலுமாக ஐந்து நாள் வந்து இந்த நர்சிங் பள்ளியில் சேர்ந்தவள் அவள்.

“எங்க ஊர்ல எரிஞ்சா மிலிட்டரி வந்துக்கினுருக்குன்னு அர்த்தம்,” என்றாள் லின்தோய். “வீடு வீடா பூந்து பாப்பாங்க.”

அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் தமிழ்ச்செல்வி. அதனால் அவள் பேசியது அப்பழுக்கில்லாத குப்பத்துத் தமிழ்.

“அப்போ இங்க எரியறதுக்கு இன்னாடி அர்த்தம்?” என்று கேட்டாள் லின்தோய்.

“ஜெயம் மேடம் உசுரோட இருக்காங்கன்னு அர்த்தம்,” என்றாள் பரிமளா. மூன்று பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். மணி இரவு ஒன்றே கால். தலைக்கு மேலே ஆறு டியூப்லைட்டும் பகலைப் போல எரிந்துகொண்டிருந்தன.

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற ரோட்டில் இருந்தது அந்த நர்சிங் பள்ளி. பெண்கள் விடுதி என்பது ஒரே நீள ஹால். நாற்பது கட்டில், ஆறு டியூப்லைட், ஆறுக்கும் ஒரே சுவிட்ச். அந்தச் சுவிட்ச் வார்டன் ஜெயத்தின் அறைக்குள்ளே. போன வருஷம் ஒரு சீனியர் பின்பக்கச் சுவரேறிக் குதித்து, தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். அவளைப் பெற்றவர்கள் வந்து ஜெயத்தின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, “நீ என்ன புடுங்கிக்கிட்டு இருந்தே?” என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ஹாலில் விளக்கை அணைப்பதில்லை என்றாகிவிட்டது.

பிள்ளைகள் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்துப் பார்த்தார்கள். “மூஞ்சியை மூடிக்கிட்டா யாரு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? எடு!” என்று ஜெயம் கட்டில் கட்டிலாக வந்து உருவிக்கொண்டு போனார்.

அது 2012. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட். ஜில்லாவே கரண்ட் இல்லை என்று திட்டிக்கொண்டிருந்தபோது, இந்த ஹால் மட்டும் எப்போது கட்டாகும் என்று காத்துக் கிடந்தது. கட்டானால் இருட்டு வரும். ஆனால் ஃபேன் நின்றுவிடும். வேர்வையும் கொசுவும் பிடுங்கும். திரும்பக் கரண்ட் வந்தால் ஃபேன் சுற்றும், கூடவே ஆறு விளக்கும் மினுக் மினுக்கென்று எரிந்து கண்ணில் குத்தும். இருட்டு இருந்தால் காற்று இல்லை, காற்று இருந்தால் இருட்டு இல்லை. பரிமளாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்து மாதம் இரண்டாயிற்று. ஹாலில் ஏழு பேருக்கு மாதவிலக்குத் தள்ளிப் போயிருந்தது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஜெயம் மேடம் வேறு மாதிரி கேள்வி கேட்பார்.

அதே ஜெயம் மேடம்தான் வகுப்பில் பாடம் சொன்னார்.

“எழுதிக்குங்க. நோயாளி தூங்கும் நேரத்தில் விளக்கைத் தணிப்பது நர்ஸின் கடமை. இருட்டில்தான் மூளை தூக்கத்துக்கான மெலட்டோனினைச் சுரக்கும். அஞ்சு மார்க் கேள்வி.”

“மேடம், நர்ஸுக்கு?” என்று தமிழ்ச்செல்வி எழுந்து நின்றாள்.

“நர்ஸுக்கு என்ன?”

“நர்ஸு மூளைக்கு இருட்டு வேணாங்களா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “கருவாடு தின்னு வளர்ந்த வாயி, நீளமாத்தான் இருக்கும். உக்காரு,” என்றார் ஜெயம்.

கருவாடு என்று சொன்னதில் தமிழ்ச்செல்விக்கு ரோஷம் ஒன்றும் இல்லை. அந்த வாசனைக்காகத்தான் அவளையும் லின்தோயையும் சேர்த்து ஹாலின் கடைசி மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். லின்தோயின் அம்மா அனுப்பும் நொதித்த மீனுக்கு ஙாரி என்று பெயர். அந்த டப்பாவைத் திறந்தால் மூன்று கட்டில் தள்ளி இருப்பவளும் எழுந்து ஓடுவாள். தமிழ்ச்செல்வி முதல் நாளே மோந்து பார்த்துவிட்டு, “எங்க ஆத்தா போடுற கருவாட்டுக்கு இது சித்தப்பன் முறை,” என்று சோற்றில் பிசைந்து தின்றாள். சிநேகிதம் அங்கேதான் பிடித்தது.

காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி பஸ் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். நாற்பது பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப் போன ஒரு வியாழக்கிழமை, ஒன்பதாம் பெட்டுக்குப் போட வேண்டிய இன்சுலினைத் தமிழ்ச்செல்வி ஆறாம் பெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பஞ்சால் தோலைத் துடைத்தாள். ஊசியை நிமிர்த்தினாள்.

“ஏம்மா, எனக்கு இப்பத்தானே ஒருத்தி குத்திட்டுப் போனா?” என்றாள் ஆறாம் பெட் கிளியம்மாள். திருவாமாத்தூரிலிருந்து சர்க்கரைக்காகச் சேர்ந்திருந்தவள்.

தமிழ்ச்செல்விக்குக் கை நின்றுவிட்டது.

“இன்னா, கண்ணைத் தொறந்துக்கினே தூங்குறியா? இன்னோரு தபா போட்டிருந்தா நான் மேலே போயிருப்பேன் போலிருக்கே!”

“ஆமாங்க ஆயா,” என்றாள் தமிழ்ச்செல்வி. பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமாங்கிறா பாரு!” கிளியம்மாள் சிரித்தாள். “போ, போயி மூஞ்சி கழுவு. நான் யாருக்கும் சொல்லலை.”

ஆயா சொல்லவில்லை. தமிழ்ச்செல்வி அன்றைக்குச் சாயங்காலம் லின்தோயிடம் மட்டும் சொன்னாள்.

“உன் சீட்டு போவும்,” என்றாள் லின்தோய்.

“ஆயா உசுரே போயிருக்கும்டி. நாளைக்கு நீ தப்பு பண்ணுவே, நாளன்னிக்கு பரிமளா பண்ணுவா. எல்லா பெட்டுலயும் கிளியம்மா இருப்பாளா, கேட்டுக்கினு?”

மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனதும், லின்தோயின் தகரப் பெட்டியைக் கட்டில் மேல் வைத்து அதன் மேல் ஏறினாள் தமிழ்ச்செல்வி. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டியூப்லைட் சட்டத்தின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வெள்ளை ஸ்டார்ட்டர். அதைத் திருகிக் கழற்றினாள்.

“லைட்டு எரியுதேடி!” என்றாள் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த லின்தோய்.

“எரியும். பத்த வைக்கத்தான் இது வேணும், எரியறதுக்கு வேணாம். எங்க வீட்ல லைட்டு மக்கர் பண்ணா நான்தானே திருகிக்கினு இருப்பேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு எடுக்கறே?”

“பத்து மணிக்கு கட்டாவும். பதினொண்ணுக்குக் கரண்ட் வரும். அப்போ பாரு.”

ஆறையும் கழற்றியாயிற்று. யாரும் தொடாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆறு ஸ்டார்ட்டரும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஙாரி டப்பாவுக்குள் போயின.

பத்துக்குக் கரண்ட் போயிற்று. பதினொன்றுக்கு வந்தது. ஃபேன்கள் கிறீச்சிட்டுச் சுற்றின. விளக்கு வரவில்லை. காற்றும் இருட்டும் ஒன்றாக வந்தன. “யப்பா,” என்று ஹாலின் நடுவிலிருந்து யாரோ ஒருத்தி சொன்னாள். அப்புறம் ஒரு சத்தம் கிடையாது.

ஜெயம் டார்ச்சோடு வந்து பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பிப் போய்ச் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். லோ வோல்டேஜ் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தார். காலையில் ஐந்தரைக்கு மணி அடிக்க வேண்டியவர் ஆறு மணிக்குத்தான் எழுந்தார். மூன்று ராத்திரி இப்படியே போயிற்று. நாலாம் நாள் எலக்ட்ரீஷியன் விருத்தாசலம் ஏணியோடு வந்தார்.

“லோ வோல்டேஜும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. ஸ்டார்ட்டரே இல்லீங்களே மேடம்.”

“ஒண்ணு கூடவா?”

“ஆறும் இல்லீங்க. புள்ளைங்க கெட்டிக்காரப் புள்ளைங்க.”

“உங்களை அதைக் கேக்கலை.”

ஜெயம் பெட்டி பெட்டியாகத் திறந்து கொட்டினார். கடைசி மூலைக்கு வந்து ஙாரி டப்பாவைக் கொஞ்சம் திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, மூடு! மூடித் தொலை!” டப்பா தப்பித்தது. ஆனால் அதன் பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியின் மூடி பள்ளமாகியிருந்தது. பள்ளத்தில் புழுதியாக ஒரு கால் தடம்.

“யார் பெட்டி இது?”

“என்து,” என்றாள் லின்தோய்.

“அப்படியா? உங்க ஊர் அட்டகாசத்தையெல்லாம் இங்க காட்டறியா? கேக்க ஆள் இல்லாம வந்து கிடக்கறவளுக்கு இவ்ளோ திமிரா? இன்னிக்கே உனக்கு டிக்கெட் போடச் சொல்றேன். கிளம்பு.”

லின்தோய் தமிழ்ச்செல்வியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காததுதான் தமிழ்ச்செல்வியைச் சுட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அந்தத் தடத்தின் மேல் தன் காலை வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.

“இது என் காலு மேடம்.”

டப்பாவைத் திறந்து கையை விட்டு, பையைப் பிரித்து, ஆறு ஸ்டார்ட்டரையும் ஒவ்வொன்றாகக் கட்டிலின் மேல் வைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

“எதுக்குடி எடுத்தே?”

“தூங்கறதுக்கு.”

“நாளைக்கு உங்கப்பன் இங்க வந்தாகணும். நீ மன்னிப்புக் கடிதம் எழுதணும். இல்லே, டி.சி.தான்.”

மறுநாள் காலை தமிழ்ச்செல்வியின் அப்பா மாயவன் வந்தார். ராத்திரி கடலுக்குப் போய்விட்டு வலையை உதறிப் போட்ட கையோடு பஸ் ஏறியிருந்தார். வார்டன் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“உங்க பொண்ணு ஹாஸ்டல் சாமானைத் திருடியிருக்கா. ஆறு லைட்டையும் எரிய விடாம பண்ணிட்டா.”

“ராத்திரி லைட்டுங்களா மேடம்?”

“ஆமா. விடிய விடிய எரியணும்.”

“ஏங்க, யாராச்சும் வந்து சேரலீங்களா?”

“என்ன கேக்கறீங்க?”

“இல்லீங்க, எங்க பக்கம் ஆளு வந்து சேரலைன்னாத்தான் விடிய விடிய எரிப்பாங்க. எல்லாரும் வந்துட்டா அணைச்சிட்டுப் படுத்துடுவோம். அதான் கேட்டேன்.”

ஜெயம் தமிழ்ச்செல்வியிடம் திரும்பினார். “லெட்டர் எங்கே?”

தமிழ்ச்செல்வி நீட்டிய தாள் வார்டில் தவறு நடந்தால் நர்ஸ் எழுதித்தர வேண்டிய மஞ்சள் ஃபாரம். ஜெயம் நின்றபடி படித்தார். தேதி, நேரம், ஆறாம் பெட், ஒன்பதாம் பெட், இன்சுலின் எத்தனை யூனிட் என்று எல்லாம் இருந்தது. கீழே: முந்தின இரவு நான் தூங்கியது ஒரு மணி நாற்பது நிமிடம், மூன்று துண்டாக. காரணம்: விடுதியில் ஆறு டியூப்லைட்.

ஜெயம் உட்கார்ந்துவிட்டார்.

“இது நிஜமா நடந்ததா?”

“நடந்தது.”

“யாருக்குத் தெரியும்?”

“கிளியம்மாளுக்கும் லின்தோய்க்கும். இப்போ உங்களுக்கும்.”

ஜெயம் கதவைச் சாத்தினார். குரல் தணிந்தது. “இதைக் கிழிச்சுப் போடு. சும்மா ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடு, ஸ்டார்ட்டர் விஷயத்தை நான் இத்தோட விட்டுடறேன். ஆஸ்பத்திரி மேட்ரன் கையில இது போச்சுன்னா உன் சீட்டு நிக்காது.”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சுமா?”

“மன்னிப்பு எழுதினா நான் தப்பிச்சிக்குவேன். நைட்டு திரும்ப ஆறு லைட்டும் எரியும். காலையில நாப்பது பேரும் ஊசி எடுத்துக்கினு போயி நிப்போம். அப்புறம் எவ பெட்டுல எவளுக்குக் குத்துவோமோ?”

“தமிழு,” என்றார் மாயவன். “சீட்டு போயிடும்னு சொல்றாங்கம்மா.”

“போனாப் போவட்டும்பா. ஆளைக் கொன்னுட்டு நர்ஸாவறதுக்குப் பதிலா நான் வலையில நண்டு பிரிச்சிக்கினு இருப்பேன்.”

மாயவன் அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “அவ எழுதனது எழுதனதுதாங்க,” என்றார்.

ஜெயம் மஞ்சள் தாளை இரண்டாக மடித்தார். கிழிக்கத்தான் போகிறார் என்று பட்டது.

“கிழிச்சாலும் பரவாயில்ல மேடம்,” என்றாள் தமிழ்ச்செல்வி. “மேட்ரனுக்குக் கார்பன் காப்பி காலை பஸ்லயே போயிடுச்சு. லின்தோய் எடுத்துக்கினு போயிருக்கா.”

அரை மணி நேரத்தில் போன் அடித்தது.

“சொல்லுங்க மேட்ரன்... ஆமாங்க, எங்க ஸ்டூடன்ட்தான்... ஆமாங்க... ஆறு லைட்டுங்க... ராத்திரி பூராவுங்க... செக்யூரிட்டிக்காகத்தாங்க... இல்லீங்க, வகுப்புல அதை நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்... சரிங்க... சரிங்க...”

போனை வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அந்தக் கண்ணும் சிவந்துதான் கிடந்தது. அவர் அறைக் கதவுக்கு மேலே இருந்த கண்ணாடி வழியாக அதே வெளிச்சம்தானே ஒரு வருஷமாக அவர் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது.

“சீட்டு நிக்குது. ஆனா ரெண்டு மாசம் நீ ஊசி டிரேயைத் தொடக்கூடாது. பெட்பேன் டூட்டி மட்டும். அந்த ரெண்டு மாசத்தைக் கடைசியில தனியா இருந்து முடிச்சுட்டுத்தான் பரீட்சை.”

“சரிங்க.”

“சரிங்கவா? உன் கூட சேர்ந்தவ எல்லாம் பாஸாயிட்டுப் போவாடி.”

“போவட்டும் மேடம். தூங்கிட்டுப் போவாங்க இல்ல?”

ஜெயம் கையை நீட்டினார். தமிழ்ச்செல்வி ஆறு ஸ்டார்ட்டரையும் வைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவியும் மேஜை முழுக்க ஙாரி வாசனை எழுந்தது.

“இது எப்போடி போகும்?”

“ஒரு வாரம் இருக்கும் மேடம்.”

“விருத்தாசலத்தைக் கூப்பிட்டு மாட்டச் சொல்றேன். மறுபடியும் கழட்டுவியா?”

“எரியும்போது கழட்டினா அணையாது மேடம். அணைக்கணும்னா சுவிட்சைத்தான் அணைக்கணும். அது உங்க ரூம்லதான் இருக்குது.”

அன்று இரவு பத்து மணிக்குக் கரண்ட் கட்டாகவில்லை. நாற்பது பேரும் படுத்துக்கொண்டு ஆறு விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து ஐந்து ஆயிற்று. பத்து பத்து ஆயிற்று. “பாட்டரியா இருந்தா தீர்ந்தாவது போயிருக்கும்,” என்று பரிமளா முணுமுணுத்தாள். வார்டன் அறைக்குள் டக் என்று ஒரு சத்தம்.

இருட்டு வந்த கொஞ்ச நேரத்தில் ஜெயத்தின் குரல் கேட்டது.

“தமிழ்ச்செல்வி! காலையில அஞ்சரைக்கு என்னை எழுப்பி விட்டுடு.”

பதில் இல்லை.

“அடியே, உன்னைத்தான்!”

“அது தூங்கிக்கினுருக்குது மேடம்,” என்றாள் லின்தோய். “கத்தாதீங்க.”