நாளுக்கு இருபது மில்லி

அந்த வீட்டில் குளிர்காலத்துக்கு உருப்படியான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மிஞ்சிப்போனால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். கீழ்த்தளத்து பாய்லரிலிருந்து வெந்நீர் கொண்டுபோகிற குழாய், கூடத்துப் பலகைத் தரைக்கு அடியில் எங்கெங்கோ வளைந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் பலகையை ஒட்டிப் போயிற்று. அங்கே பாதத்தை வைத்தால் போதும், சூடு முழங்கால் வழியாக ஏறி, முதுகைத் தொட்டு, காது மடல் வரைக்கும் வந்துவிடும். ராஜபோகம் என்றால் அதுதான்.

அந்த ராஜபோகத்தின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தவர் மாமனார். முப்பத்தெட்டு வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவருக்கு சர்வேயர் என்றுதான் பெயர். பெற்ற மகனே முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே வெறுங்காலோடு கூடம் முழுக்க மேலும் கீழும் நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "இது என் இடம். யாரும் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். மனிதர் அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரர்.

பக்கத்திலேயே மருமகளின் மேசை. அவளுக்கு வாட்ச் ரிப்பேர் வேலை. கடைவீதியில் உள்ள ஒரு கடைக்காரர் பழைய கைக்கடிகாரங்களை டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்புவார்; இவள் வீட்டில் உட்கார்ந்தபடியே பிரித்து, துடைத்து, ஓடவைத்துத் திருப்பி அனுப்புவாள். மற்ற பருவத்தில் அவள் கை பேசும். குளிர் வந்தால் விரல் பத்தும் விறைத்துப்போய்ச் சொன்ன பேச்சு கேட்காது.

அவள் செய்யாத வைத்தியமா? கையுறை போட்டுப் பார்த்தாள், இடுக்கி நிற்கவில்லை. வாயால் ஊதிப் பார்த்தாள்; கண்ணில் சொருகியிருந்த லென்ஸில் ஆவி படிந்து கடிகாரமே காணாமல் போயிற்று. சூடான டீ டம்ளரை உள்ளங்கையில் உருட்டினால் விரல் வியர்த்து, தொட்ட இடமெல்லாம் துரு ஏறிற்று. ஃபேன் வைத்த ஹீட்டர் ஒன்று இருந்தது. அதைப் போட்ட முதல் நிமிஷமே தலைமுடியை விட மெல்லிய ஸ்பிரிங் ஒன்று பறந்து போனதுதான், இன்று வரை அகப்படவில்லை. காலில் சூடு ஏறினால் விரல் தானாக இளகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அந்தச் சூடு ஓர் அடி தள்ளி மாமனாரின் காலடியில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கடைக்காரர் போனில் சிடுசிடுத்தார். "ரெண்டு ஸ்பிரிங் போச்சு, ஒரு ஸ்க்ரூ காணோம். இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்மா. தப்பா நெனச்சுக்காத."

போனை வைத்த கையோடு மாமனாரிடம் போய் நின்றாள். "மாமா, ஒரு ரெண்டு அடி தள்ளி உக்காருறீங்களா? குளிர் முடியற வரைக்கும்தான்."

"முடியாதும்மா" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

அன்று சாயங்காலமே இன்னொரு ஸ்க்ரூ நழுவியது. தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, ஒரு மணி நேரம் தேடினாள். கிடைத்தது, கிடைக்காமல் என்ன. ஆனால் எழுந்திருக்கும்போது கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கையை விட்டு வேலை போய்விடும் போலிருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கற்ற வேலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாமனாரின் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். சரி, கேட்டால் கொடுக்கமாட்டீர்கள், அவ்வளவுதானே?

மாமனார் காலை ஒன்பது மணிக்கு வெந்நீரில் குளிக்கப் போனால் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். மறுநாள் குளியலறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அவள் எழுந்தாள். கடிகாரப் பாகங்களை அளக்கிற காலிப்பரை எடுத்து, நாற்காலிக் காலிலிருந்து இருபது மில்லிமீட்டர் அளந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். பின்னாலேயே தன் மேசையையும் இருபது மில்லி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறாது, கண்ணுக்கும் தெரியாது. நாளுக்கு இருபது மில்லி. முப்பது நாளில் இரண்டு அடி. பஸ் ஓட்டுகிற கணவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பான் என்பதால் சனிக்கிழமையே நாற்பதாகத் தள்ளிவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, காதும் காதும் வைத்தாற்போல் வேலை நடந்தது.

பத்தாம் நாள் அவள் கால் பெருவிரலுக்குச் சூடு வந்து சேர்ந்தது. பதினைந்தாம் நாள் ஒரு பாதம் முழுக்க. விரல்கள் பழையபடி பேச ஆரம்பித்தன. டப்பாவில் இருந்த பதினெட்டு கடிகாரங்களும் ஒரே வாரத்தில் ஓடின. "என்னம்மா, கைக்கு ஏதாவது மருந்து தடவறியா?" என்று கடைக்காரர் கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள்.

சிரிப்பு அதோடு நின்றது. பதினாறாம் நாள் மாமனார் தோளைக் குறுக்கிக்கொண்டு, "என்னமோ தெரியலம்மா, கால்ல சூடே நிக்க மாட்டேங்குது" என்றார்.

அவள் இடுக்கியை அப்படியே போட்டாள். "குளிர் ஜாஸ்திதான் மாமா" என்று ஓடிப்போய்க் கணவனின் கம்பளிச் சாக்ஸை எடுத்துவந்து அவர் காலில் மாட்டிவிட்டாள். மறுநாள் "முதுகு சில்லுனு இருக்கு" என்றார். முதுகில் ஒரு ஸ்வெட்டர் ஏறியது. அதன்மேல் இன்னொன்று. ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தாள். கதவடியில் துண்டை உருட்டி வைத்தாள். மடியில் வெந்நீர்ப் பை, மணிக்கொரு தரம் டீ, சாயங்காலமானால் சூப். சர்வேயர் போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்து, "வயசாச்சு, ரத்தம் சுண்டிப் போச்சு, அவ்வளவுதான்" என்று பெருமூச்சு விடுவார். அவளுக்கோ குற்ற உணர்ச்சியில் பிராணன் போகும். ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவு சாத்தியதும் இருபது மில்லி நகர்த்துவாள். இன்னும் ஒரு பாதம் பாக்கி இருந்ததே!

இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் கணவன் ஒரு முடிவோடு வந்தான். "அப்பா, இந்தக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கல. அக்கா ஊர்ல நல்லா வெயில் அடிக்குதாம். குளிர் போற வரைக்கும் அங்க இருங்க. நாளைக்கே கொண்டு போய் விடறேன்." சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான்.

மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. மகள் வீட்டில் மூன்று வாண்டுகள், ஒரு டிரம் செட்.  அவர் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மருமகளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேசையை விட்டு எழுந்து வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "மாமா, நீங்க எங்கயும் போக வேண்டாம். உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நாற்காலியை நான்தான் நகத்தினேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா. என்னை என்ன வேணா சொல்லுங்க."

சர்வேயர் போர்வைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "முதல் நாள், இருபது மில்லி. ரெண்டாம் நாள், இருபது. மூணாம் நாள், இருபது. சனிக்கிழமை, நாப்பது. ஞாயிறு விடுமுறை."

அவள் வாயைப் பிளந்தாள். நாற்காலிக் காலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், தரைப் பலகையில் எறும்பு ஊர்ந்த மாதிரி வரிசையாகப் பென்சில் புள்ளிகள்.

"முப்பத்தெட்டு வருஷம் எல்லைக்கல்லை நகத்தறவனைத்தான் புடிச்சேன்" என்றார் அவர், வாய்கொள்ளாத பெருமையோடு. "அவன் ஒருநாள் ஒரு முழம் தள்ளுவான், பத்து நாள் பேசாம இருப்பான். தினமும் ஒரே அளவு, அதுவும் மில்லி பிசகாம! வாட்ச் ரிப்பேர் பண்றவளைத் தவிர எவம்மா இப்படித் திருடுவா?"

"அப்போ... அந்த நடுக்கம்?"

"அதுவா, கொஞ்சம் நடிச்சேன்."

"குளிரவே இல்லையா?"

"ரெண்டு ஸ்வெட்டர், கம்பளிச் சாக்ஸ், வெந்நீர்ப் பை, மணிக்கொரு டீ. குளிர் எங்கேருந்துமா வரும்? எங்க அம்மாகூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டதில்ல."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லாமல் தவித்தவள் அவள் அல்லவா! "கேட்டப்பவே குடுத்திருக்கலாமே மாமா!"

மாமனார் கண்ணாடியைக் கழற்றிப் போர்வை நுனியில் துடைத்தார். "முடியாதுன்னு சொல்லிட்டேனே. சொன்ன வாயால எடுத்துக்கோன்னு எப்படிம்மா சொல்றது? அன்னைக்கு நீ தரையில படுத்து ஸ்க்ரூ தேடினே. எழுந்திருச்சப்ப கண்ணைத் துடைச்சுக்கிட்டே. எனக்கு மனசு கேக்கல. மறுநாள் நீயே நகத்தினே. அப்பாடான்னு இருந்துச்சு. வேணும்னே தினமும் குளியலறைல ஆறு நிமிஷம் கூடுதலா இருந்தேன்."

உள்ளறையிலிருந்து கணவனின் குரல் கேட்டது. "ஆமாக்கா, நாளைக்குக் காலைல பஸ்ல கூட்டிட்டு வந்துடறேன்..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நொடி போர்வை ஒரு பக்கம், வெந்நீர்ப் பை ஒரு பக்கம் பறக்க, ரத்தம் சுண்டிப்போன சர்வேயர் மருமகளை முந்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினார்.

மறுநாள் காலை அவள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது நாற்காலி அவள் மேசைப் பக்கமாக வந்திருந்தது. நேற்றைய புள்ளியிலிருந்து காலிப்பரை வைத்து அளந்தாள். சரியாக இருபது மில்லி. மாமனார் ஒன்றும் அறியாதவர் போலச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு, "உஸ்... அந்த வெந்நீர்ப் பையைக் கொஞ்சம் கொண்டா" என்றார்.

அவள் போய் வெந்நீரை விளாவி, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, பையை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வயிற்றில் வைத்துக்கொண்டார். கையால் அமுக்கிப் பார்த்தார்.

"நேத்தைவிடச் சூடு கம்மியா இருக்கே?"

"ரெண்டு டிகிரி கம்மி மாமா. இருபது மில்லிக்கு ரெண்டு டிகிரி. நாளைக்கு நாலு."

சர்வேயர் அவளை முறைத்தார். அவள் லென்ஸைக் கண்ணில் சொருகிக்கொண்டு ஒரு கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தாள். சாதாரண ஆள்களா இரண்டு பேரும்? ஐந்து நிமிஷத்தில் மாமனார் செய்தித்தாளை மூன்று தரம் மடித்துப் பிரித்தார்.

பிறகு நாற்காலி கிரீச்சிட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் எவனுக்கும் ஒரு விரற்கடை நிலம் விட்டுக்கொடுக்காத மனிதர், தானே எழுந்து, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, பையை அவளிடம் நீட்டினார். "போய் நல்ல சூடா ரொப்பிக்கிட்டு வா."

பையை வாங்கிக்கொண்டவள் போகிற வழியில் குனிந்து, அன்று காலை அவர் வைத்த புதுப் பென்சில் புள்ளியிலிருந்து நாற்காலிக் கால் வரைக்கும் அளந்தாள். இருபத்திரண்டு மில்லி இருந்தது.