யோகாம்பாள் மேல் வந்த அப்பொல்லோ

1994 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, சுவிஸின் வின்டர்தூர் நகரில் யோகாம்பாளின் மேல் கண்ணகி அம்மனுக்குப் பதிலாகக் கிரேக்கக் கடவுள் அப்பொல்லோ வந்து இறங்கினார். அன்று மழை இல்லை, தக்காளி மலிவு. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே யோகாம்பாளுக்குக் கலை வரும். வேப்பிலையைக் கையில் பிடித்தால் உடம்பு நடுங்கும், அம்மன் அவள் வாயால் கட்டுச் சொல்லுவாள், நடக்கப்போவதைக் குறி சொல்லுவாள். சுவிஸுக்கு வந்த பிறகு அம்மன் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அம்மனுக்கு விசா கிடைக்கவில்லை என்று சனம் கதைத்தது. காரணம் அதுவல்ல, சுவிஸில் வேப்பமரம் கிடையாது, அவ்வளவுதான். கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்த காய்ந்த வேப்பிலைக்குத் தும்மல்தான் வந்தது. ஆகவே அவளுடைய கணவர் மகேஸ்வரன், கீழ்வீட்டு வாசலில் தொட்டியில் நின்ற லோர்பேர் என்ற வாசனையிலைச் செடியில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு வந்தார். உணவகச் சமையலறையில் வேலை செய்தவர் அவர், அந்த இலையைத் தினமும் சூப்பில் போடுகிறவர். பச்சையாக இருந்தால் போதும், அம்மன் கோபிக்கமாட்டா என்று நினைத்துவிட்டார். எழுந்து ஆட இடமில்லாத சின்ன வரவேற்பறை என்பதால் யோகாம்பாளை ஒரு முக்காலியில் இருத்தினார்கள். லோர்பேர் இலையும் முக்காலியும் சேர்ந்தால் யார் வருவார் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்தவர் படியேறி வந்துகொண்டிருந்தார். செடியை முறித்ததற்கு முறைப்பாடு சொல்ல வந்த கீழ்வீட்டு ஃப்ராவ் எக்லி, ஓய்வுபெற்ற பழங்கிரேக்க ஆசிரியை. கதவைத் தட்டக் கையை ஓங்கியவர் உள்ளிருந்து வந்த பழங்கிரேக்கப் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தார். வந்திருப்பவர் அப்பொல்லோ என்றும், டெல்பி என்ற மலையூரில் இப்படித்தான் ஒரு பெண்ணின் கையில் லோர்பேர் இலையைக் கொடுத்து முக்காலியில் இருத்தி அவள் வாயால் கட்டுச் சொல்லுவார் என்றும், அந்தப் பெண்ணுக்குப் பீத்தியா என்று பெயர் என்றும், அரசர்கள் காணிக்கையோடு வரிசையில் நிற்பார்கள் என்றும் சொன்னார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்குத் தான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு பிழை என்று தெரிந்தால் யாருக்குத்தான் காய்ச்சல் வராது? தேறியதும் வெள்ளி தவறாமல் அகராதியோடு வரத் தொடங்கினார். செடியையும் மாடியிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அப்பொல்லோவின் கிரேக்கத்தை ஃப்ராவ் எக்லி ஜெர்மனில் சொல்லுவார், மகேஸ்வரன் தமிழில் சொல்லுவார். மகேஸ்வரனின் ஜெர்மன் முழுவதும் சமையலறையில் படித்தது. 'எதிலும் மிகை வேண்டாம்' என்ற டெல்பியின் புகழ்பெற்ற வாக்கை அவர், "உப்பை அளவாப் போடட்டாம்" என்று மாற்றினார். கேட்டவருக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. வீடு மாறலாமோ என்று கேட்க வந்த இந்திரா, தன் பிள்ளைகளின் கெட்டித்தனத்தை ஒரு மணி நேரம் அளந்ததில் அப்பொல்லோவுக்கு எரிச்சல் வந்து, ஹூப்ரிஸ் என்றார். தலைக்கனம் என்று அர்த்தம். மகேஸ்வரன் தடுமாறி, "பால் பொங்கி வழியுதாம்" என்று சொல்ல, நல்ல சகுனமென்று இந்திரா அடுத்த மாதமே புதுவீட்டில் பால் காய்ச்சினாள். ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாள். பேக்கரியில் வேலை செய்த தயாநிதி, தனக்கு அங்கே தங்கியிருப்பதற்கான பி விசா எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு மட்டும், 'உன்னையே அறிந்துகொள்' என்ற வாக்கு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது.

"இதைத்தானே அண்ணை வெளிநாட்டவர் பொலிசும் கேக்குது," என்றான் தயாநிதி. "அடையாள அட்டையைக் கொண்டு வா எண்டு."

1995 ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கியதில், யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளிக்கிட்டது. அந்தச் சனத்தோடு யோகாம்பாளின் ஒரே தம்பி குகநாதனும் போனான். எங்கே போனான், இருக்கிறானா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து யோகாம்பாள் சமைப்பாள், எல்லோருக்கும் போடுவாள், தன் சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிடுவாள். அவன் பட்டினியாக இருப்பானோ என்ற நினைப்பில் தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக நாளைக் கடத்தினாள். மகேஸ்வரன் ஒரு வெள்ளிக்கிழமை அவளை முக்காலியில் இருத்தி, குகநாதனைப் பற்றிக் கேட்டார். அப்பொல்லோ நீளமாகச் சொன்னார். ஆறு சீர் கொண்ட ஹெக்ஸாமீட்டர் வரிகள், ஒரு இடத்திலும் தட்டவில்லை என்று ஃப்ராவ் எக்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புநீரைக் கடந்தவன் அந்நியக் கூரையின் கீழ் இளைப்பாறுகிறான் என்பது பொருள். கலை தெளிந்த யோகாம்பாள், பழைய பழக்கத்தில் அம்மன் என்ன சொன்னா என்று கேட்டாள்.

"உப்புத் தண்ணி," என்றார் மகேஸ்வரன். "மேலுக்கு ஒரு மூடி. ஆள் ஆறிப்போய்க் கிடக்கிறாராம்."

யோகாம்பாளின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன மூடி? பெட்டி மூடியோ? எதை மறைக்கிறியள்?" ஃப்ராவ் எக்லி கையால் கூரை கட்டிக் காட்டினார். அவள் நம்பவில்லை. "என்ர அம்மாளாச்சி சொன்னால் நம்புவன். இவர் ஆர்? என்ர தம்பியைக் கண்டவரோ?" அத்தோடு லோர்பேரைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் சனம் வந்து படியில் நின்றுவிட்டுப் போனது.

கடவுள்களுக்கும் மொழி படிக்க நாள் எடுக்கும். ஒன்றரை வருடம் ஒரு பெண்ணின் வாய்க்குள் வந்துபோனவருக்கு அந்த வாயின் பேச்சு ஒட்டாமல் போகுமா? தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் யோகாம்பாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். இலையும் இல்லை, முக்காலியும் இல்லை, நடுக்கமும் இல்லை. அவள் வாய் தானாகத் திறந்து, "அக்கா" என்றது. அவளை அக்கா என்று கூப்பிட அந்த வீட்டில் யாரும் இல்லை. கத்தியை வைத்தாள். மற்ற நாட்களில் கலையில் சொன்னதை அடுத்தவர் சொல்லித்தான் அறிவாள். இன்று தன் காதாலேயே கேட்டாள்.

"அக்கா, தம்பி இருக்கிறான். கிளிநொச்சியில. பள்ளிக்கூடத்தில படுக்கிறான். சாப்பிட்டவன்."

"என்ன சாப்பிட்டவன்?" என்று அதே வாயால் அவள் கேட்டாள்.

பதில் வருவதற்குள் அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். பார்த்துவர அப்பொல்லோ போயிருக்க வேண்டும்.

"பாணும் சம்பலும்."

"வடிவாச் சாப்பிட்டவனோ?"

"ஓம் அக்கா. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவன்."

அது குகநாதன்தான், சந்தேகமே இல்லை. யோகாம்பாள் சத்தமாக அழுதாள். அழுது முடித்ததும் ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டு, இறைச்சிக் கறியை ஊற்றிக் குழைத்து, மூன்று மாதப் பசியோடு சாப்பிட்டாள். வேலை முடிந்து வந்த மகேஸ்வரன் கதவடியில் நின்று பார்த்தார். மாசியில் குகநாதனின் தொலைபேசி வந்தபோது அந்த வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டின்போது ஒரேயொரு சங்கடம்தான் நேர்ந்தது. வாய் ஒன்று என்பதால் முதல் கவளம் அப்பொல்லோவின் நாக்கிலும் பட்டது. அவர் கிரேக்கத்தில் அலறித் தண்ணீர் கேட்டார். அடுத்த நாளிலிருந்து யோகாம்பாள் கறிக்கு உறைப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டாள்.