ஆறாவது பாட்டில் வரும் ஆம்பளை

1.

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. சேந்தமங்கலத்தில் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலையில், மிளகு வியாபாரி அமீர் பாஷாவின் குட்டி யானை வண்டியில் இடம் கேட்டு ஏறினேன், அங்கே கிடைத்தது. மலைக்கு ஏற்றிப் போகிறவர்களிடம் அவர் வாடகை வாங்குவதில்லை. அபிப்பிராயம் வாங்குவார்.

"எட்டே பாட்டுங்க. கேட்டுட்டு மனசுல பட்டதைச் சொல்லிப்போடணும்" என்றார்.

ஜெர்மனியிலிருந்து வந்த பாட்டு. முதல் வளைவு வருவதற்குள், பூட்டிய மண்டபத்துக்குள் யாரோ தையல் மிஷின் ஓட்டுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. அடுத்த வளைவில் அதற்குள்ளிருந்து யாரோ முனகினார்கள்.

நான் "பரவாயில்லைங்க" என்றேன். என்னை எழுத்தாளன் என்று சொல்லி வைத்திருந்தேன். அமீர் பாஷா ஒரு பார்வை பார்த்தார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

2.

ஆரம்ப வரிக்குப் பட்ட பாடு:

'கொல்லிமலையை மூடுபனி ஒரு வெண்போர்வையாக—'

வேண்டாம். அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். போர்வையை மடித்து வைத்தாயிற்று.

'இசைக்கு மொழி கிடையாது என்பதை அமீர் பாஷா அன்றுதான்—'

இதுவும் பொய். இசைக்கு மொழி உண்டு. அந்த எட்டுப் பாட்டுக்கும் ஜெர்மன். அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, சிக்கலே அதுதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அமீர் பாஷாவின் ஒரே மகள் ஆஸியா, இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனவள். படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்தாள். அங்கே மூன்று பேரோடு சேர்ந்து ஒரு இசைக்குழுவும் ஆரம்பித்தாள். கறுப்பு உடை, கண்ணுக்கு அப்பிய மை, கல்லறை, மழை, கம்ப்யூட்டர் தாளம். கோதிக் எலக்ட்ரானிக் என்று அதற்குப் பெயர். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் தலைப்பைச் சொல்ல வாயில் இன்னும் நாலு பல் வேண்டும். தமிழில் 'ஈரச் சுவர்' என்று பொருளாம்.

"ஈரச் சுவருன்னா ஓதம் அடிச்சிருக்குது, பூசிட்டாப் போச்சு" என்றாராம் அமீர் பாஷா. இதற்கு மகள் சிரிக்கவில்லை.

3.

வீட்டில் முதலில் கேட்டது அவள் அம்மா மஹ்மூதா பீவி. பாதியிலேயே நிறுத்திவிட்டு, "தலை வலிக்குதுடி" என்று போனில் சொன்னார். ஆஸியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அமீர் பாஷா ஒன்றரைப் பாட்டுதான் கேட்டார். "பிரமாதம் கண்ணு!"

"எது பிரமாதம் அத்தா?"

"எல்லாமேதான்."

"அப்ப நீங்க கேக்கவே இல்ல" என்று வைத்துவிட்டாள்.

மனிதருக்கு உறைத்துவிட்டது. அவளை வெளிநாடு அனுப்பக் கூடாது என்று சொந்தம் முழுக்க வரிந்து கட்டியபோது, "எம்புள்ள போவா" என்று நின்றவர் அவர். எதுவானாலும் அத்தாவிடம்தான் முதலில் சொல்வாள். இப்போது போன் மஹ்மூதா பீவிக்கே வருகிறது. பேசிவிட்டு, "அத்தாவ நல்லா இருக்கச் சொன்னா" என்று தகவல் மட்டும் தருகிறார். அந்தத் தகவலைத் தரும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு.

சமாதானம் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். இணையத்தில் அந்த ஆல்பத்துக்குக் கீழே முகம் தெரியாத ஜெர்மன்காரர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்து, போனிலேயே தமிழாக்கி, தன் கருத்தாக மகளுக்கு அனுப்பிவைத்தார்:

'இந்த இசைத்தொகுப்பு என் எலும்புகளில் ஈரப்பதத்தை ஊற்றியது. ஐந்து நட்சத்திரங்கள்.'

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.*

(*மகள் கட்டைவிரல் அனுப்புவதற்கும், அப்பா அதைப் பார்த்து மகிழ்வதற்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. அமீர் பாஷா இரண்டு நாள் மகிழ்ந்தார். பிறகு மஹ்மூதா பீவி அதன் அர்த்தத்தை விளக்கினார்: 'போதும், விடுங்க.')

4.

அவருடைய மூன்றாவது முயற்சியில்தான் நான் வண்டியில் ஏறியது. நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னால், அதை அப்படியே மகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பது திட்டம்.

மலைமேல் தேவனூர் நாட்டில் (அங்கே ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பேர்) முத்தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். முத்தனிடம் வருடாவருடம் மிளகு எடுப்பவர், உரிமை உண்டு. மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஒரே ஓட்டமாகக் குதிருக்கடியில் புகுந்தன. (கோழிகளின் அபிப்பிராயத்தை அமீர் பாஷா கணக்கில் எடுக்கவில்லை.)

முத்தன் இன்ஜின் பக்கம் குனிந்து பார்த்தார். "ஏனுங்க பாயி, உள்ள எலி கிலி மாட்டிக்கிச்சுங்களா?"

"பாட்டுங்க அது!"

"அப்படிங்களா... வார்த்தையக் காணமுங்களே."

அவர் மனைவி கண்ணாயி நின்று, தலையைச் சாய்த்து, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். இந்த இடத்தில் நான் அவருக்கு ஒரு வசனம் எழுதினேன்: 'பாஷை தெரியலீன்னாலும், யாரோ தொலைவுல தனியா நிக்கறது தெரியுதுங்க.' எழுதி முடித்து நானே நெகிழ்ந்தேன். பிறகு அடித்துவிட்டேன். கண்ணாயி அப்படிச் சொல்லவில்லை. சொன்னது இது:

"எழவு ஊட்டுல போட்டா நல்லா இருக்குமுங்க. அழுவாதவங்களும் அழுதுருவாங்க. அந்த மூட்டைய மொதல்ல ஏத்துங்க சாமி, ஆட்டுக்குட்டி வாய் வெக்குது."

மூட்டைகளை ஏற்றிவிட்டு, அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டார். "கண்ணு, மலையில எல்லாரும் கேட்டாங்க. துக்கத்துக்கு ரொம்பப் பொருத்தம்னு பேசிக்கிறாங்க. கூட வந்த எழுத்தாளர் ஒருத்தரு பரவாயில்லைங்கிறாரு."



"அத்தா, நான் உங்களைத்தானே கேட்டேன்?" என்றாள் ஆஸியா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

5.

வந்த வேலையை மறந்து நானும் அவரோடே மலையிறங்கினேன். முதல் பாட்டிலிருந்து போட்டார். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டப் பார்த்தார். தாளம் பிடி கொடுக்கவில்லை. நாலாவது பாட்டில் ஒருமுறை "அட!" என்றார். ஐந்தாவதில் ஒரு பெண் குரல், பளிங்கு மாதிரி. அது முடிகிறவரை மூச்சு விட்டாரோ இல்லையோ தெரியாது. ஆறாவதில் ஒரு ஆண் குரல், கிணற்றுக்குள் விழுந்த எருமையைப் போல. அவர் முகம் கோணியது. ஆனாலும் நிறுத்தவில்லை. எட்டாவது முடிந்ததும் வளைவைத் தாண்டி ஓரங்கட்டினார்.

இங்கே ஒரு முடிவு தயாராக இருக்கிறது: மகளின் குரலை அடையாளம் கண்டு, தந்தை ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுகிறார். வாசகருக்குப் பிடிக்கும், பத்திரிகைக்கும் பிடிக்கும். எழுதியும் பார்த்தேன்: 'அவர் கண்களில்—'

இல்லை. அவர் அழவில்லை. போனை எடுத்தார். அது வண்டி ஸ்பீக்கரோடு இணைந்தே இருந்ததால், ஆஸியா பேசியதெல்லாம் எனக்கும் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். காதை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

"கண்ணு, உள்ளதைச் சொல்றேன். எனக்குப் புடிக்கல. ரெண்டாவது, ஏழாவது ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்குது. நாலாவதுல மணி அடிக்கிற எடம் நல்லா இருக்குது. அஞ்சாவது, நீ பாடினது... அது மட்டும் உசுரு. ஆனா அந்த ஆறாவதுல ஒருத்தன் கத்துறான் பாரு, அவனை மொதல்ல வெளிய அனுப்பு. அவனாலதான் மொத்தமும் கெட்டுப்போச்சு."

 லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"அத்தா... அஞ்சாவது பாடினது என் ஃப்ரெண்டு."

"அப்ப நீ?"

"அந்த ஆறாவது ஆம்பளை நான்தான்."

அமீர் பாஷா என்னைப் பார்த்தார். நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

"உனக்குத் தொண்டை ஏதும் சரியில்லையா கண்ணு?"

அவ்வளவுதான், ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி சிரித்தாள். சிரிப்பு நடுவில் மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். குரலைக் கம்ப்யூட்டரில் தாழ்த்தியது என்று விளக்கினாள். குழுவில் எல்லாரும் வேண்டாம் என்றார்களாம். இவள்தான் பிடிவாதமாக வைத்திருக்கிறாள். "கேட்டவங்க பாதிப் பேரு உங்களாட்டமேதான் எழுதியிருக்காங்கத்தா. அடுத்த ஆல்பத்துல எடுத்துடலாம்னு யோசிக்கிறேன்."

"எதுக்கு எடுக்கணும்?" அவருக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "எனக்குப் புடிக்கலைன்னா புடிக்கல, அவ்வளவுதான். ஊர்ல பாதிப் பேருக்குப் புடிக்கலேன்னா நீ ஜெர்மனியே போயிருக்க முடியாது. வெச்சது வெச்சதுதான். கத்தட்டும் அவன்."

"நெசமாவாத்தா?"

"நெசமாத்தான். ஆனா வண்டியில ஆறாவது வந்தா நான் தள்ளிப் போட்டுருவேன். அதுல மாத்தமில்ல."

6.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆஸியா இன்னொன்றும் கேட்டாள்: "அந்த ஆம்பளைக்கு இன்னும் பேரே வெக்கலத்தா. நீங்க ஒண்ணு வையுங்க."

அமீர் பாஷா தாடியைத் தடவி யோசித்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேலே ஏறிவந்த பஸ், வளைவில் ஒரு ஹாரன் அடித்தது பாருங்கள், மலையே அதிர்ந்தது. பேர் எனக்குக் கேட்கவில்லை. ஹாரன் ஓய்ந்தபோது ஆஸியா மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அமீர் பாஷா கண்ணாடியில் தன்னையே ஒருமுறை பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

என்ன பேர் என்று சேந்தமங்கலம் வரை கேட்டுப் பார்த்தேன்.

"அதெல்லாம் ஊட்டு வெவகாரமுங்க" என்றுவிட்டார்.

நான் ஒரு பேர் யோசித்து எழுதினேன், சகிக்கவில்லை, எடுத்துவிட்டேன். சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி ஒருவர், ஜெர்மனியில் கிணற்றுக்குள்ளிருந்து கத்தும் தன் மகளுக்கு வைக்கக்கூடிய பேர். உங்களுக்கு ஏதாவது தோன்றினால், இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: