ஏழாம் எண் புட்டி

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சொட்டு டீச்சர். மதிப்பெண்ணைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார் என்பதால் வந்த பெயர் அது. ப்யூரெட் என்கிற அளவுக் குழாயின் கடைசி இரண்டு சொட்டுக்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள், பெயர்ப் பொருத்தம் பிரமாதம் என்பார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேதியியல் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். ஆசிரியர் மேசை மேசையாக வருவார், தொண்டையைக் கனைப்பார், கண்டுபிடிக்க வேண்டிய உப்பின் பெயர் காதோரம் விழும். பத்தரை மணிக்கெல்லாம் அத்தனை பேருக்கும் ப்யூரெட்டில் ஒரே அளவு வந்துவிடும். இருபத்தெட்டு வருடத்தில் சொட்டு டீச்சர் ஒருத்தி காதிலும் ஓதியதில்லை. தலைமையாசிரியை கெஞ்சியிருக்கிறார், பெற்றோர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மனுஷி மசியவே இல்லை. சனிக்கிழமைகளில் குடுவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ஆய்வகம் இல்லாத பள்ளிகளுக்குப் போய்ச் செய்து காட்டுவார். அங்கேயும் முதலில் சொல்வது இதுதான்: "நான் சொல்றேன்னு நம்பாதீங்க. நீங்களே செஞ்சு பாருங்க."

இரண்டு வருடமாக அதைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசியது.

எல்லாம் ஒரு காய்ச்சலால் வந்த வினை. ஐந்தே நாளில் அது போய்விட்டது. போகிறபோது மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனது. பால் தீய்ந்த நாற்றம் தெருவரைக்கும் போயிருக்கிறது, இவர் அடுத்த அறையில் நிம்மதியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தபோதுதான் இருவருக்கும் விஷயம் விளங்கியது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். வரவில்லை.

வாயு கசிந்தால்கூடத் தெரியாத ஒருவரை ஆய்வகத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். நூலகத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். அப்போது ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. அதனால் காதும் காதும் வைத்தாற்போல ஓர் ஏற்பாடு நடந்தது. டீச்சர் "அண்ணே" என்று கூப்பிடுகிற பழைய லேப் அட்டெண்டர், வகுப்புக்கு முன்னாலேயே ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார். தேர்வன்று காலையில் புட்டிகளைத் திறந்து சரிபார்ப்பதும் அவர்தான். போன மாதம் அவர் ஓய்வுபெற்றார். கிளம்புகிறபோது, "இனிமேலாவது மேல சொல்லிடுங்கம்மா. இது வெளையாட்டு இல்ல," என்றார். டீச்சர் சரியென்று தலையாட்டினார். சொல்லவில்லை.

இந்த வருடத் தேர்வுக்குப் புட்டிகளை நிரப்பியது புது அட்டெண்டர். அன்று காலை டீச்சர் ஒப்புக்கு ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார்.

ஏழாம் எண் புட்டி இஸ்திரிக் கடைக்காரர் மகளுக்கு விழுந்தது. வகுப்பில் அதிகம் பேசாதவள். கல்லூரியில் வேதியியல்தான் படிப்பேன் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நிற்பவள். உப்பைச் சோதனைக் குழாயில் போட்டு, அமிலம் விட்டுச் சூடாக்கியவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், வினிகர் வாசனை வருது. அசிடேட்."

டீச்சர் கையிலிருந்த பட்டியலில் ஏழுக்கு நேரே ஜிங்க் சல்பேட் என்று இருந்தது. அமிலம் விட்டால் எந்த வாசனையும் தராத உப்பு. வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு மேசை தள்ளி நின்றிருந்தார்.

"நல்லாப் பாத்தியா?"

"நீங்களே மோந்து பாருங்க டீச்சர்."

குழாயை வாங்கிக்கொண்டார். முறைப்படி கையால் விசிறி, காற்றை மூக்குப் பக்கம் தள்ளினார். ஒன்றும் தெரியவில்லை. தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் குழாயை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வாசனை ஒண்ணும் இல்லையேம்மா," என்றார்.

அவள் டீச்சர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு "சரி டீச்சர்" என்று குனிந்து, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுத ஆரம்பித்தாள்.

ஜிங்க் சல்பேட் என்று முடித்திருந்தாள். பட்டியல்படி விடை சரி, முழு மதிப்பெண். மதியம் தேர்வாளர் மதிப்பெண் தாளை உறையிலிட்டு, ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும்போதுதான், ஏழாம் மேசையில் பேரியம் குளோரைடு விட்ட குழாய் டீச்சர் கண்ணில் பட்டது. சல்பேட்டாக இருந்தால் வெள்ளையாகக் கலங்கியிருக்க வேண்டும். அது தண்ணீர் மாதிரி தெளிந்து நின்றது. விடைத்தாள் கட்டைப் பிரித்து அவள் தாளை உருவிப் பார்த்தார். "வெள்ளை வீழ்படிவு கிடைத்தது" என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். அதற்கு மேலே "வினிகர் மணம்", ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு.

புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து, ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டார். குழாய் கருஞ்சிவப்பானது. அசிடேட்டேதான். புது ஆள் ஜிங்க் சல்பேட்டுக்குப் பதில் அதே மாதிரி வெள்ளையாக இருக்கும் ஜிங்க் அசிடேட்டை நிரப்பியிருக்கிறார். அவர்மேல் பழி போட்டு என்ன பயன்? முகர்ந்து பார்த்துப் பிடித்திருக்க வேண்டியவர் இவர்.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தன் மூக்கே தன்னை ஏமாற்றியது என்றல்லவா அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பாள்? அந்தச் சந்தேகத்தோடு அவள் எப்படி இன்னொரு ஆய்வகத்துக்குள் நுழைவாள்? ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் இஸ்திரிக் கடைக்குப் போனார்.

அப்பா உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் வாசல் பலகையில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பதறியெழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"நேத்து ஏழாம் நம்பர்ல இருந்தது அசிடேட்தான். நீ சொன்னதுதாம்மா சரி. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும் டீச்சர்," என்றாள், ஒரு கைப்பட்டையை மடக்கியபடி.

"என்ன தெரியும்?"

"வாசனை அப்படித் தூக்கிச்சே. அத மோந்துட்டு நீங்க இல்லன்னு சொன்னதுமே புரிஞ்சுபோச்சு. லிஸ்ட்ல வேற என்னமோ இருக்கு, அத எழுதச் சொல்றீங்கன்னு. உப்புல ஜிங்க் இருக்குன்னு அடுத்த சோதனையில வந்துச்சு. வாசனையும் வராம நுரையும் வராம இருக்கற ஜிங்க் உப்பு, நம்ம லேப்ல சல்பேட் மட்டும்தான். எழுதிட்டேன்." உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப நன்றி டீச்சர். நீங்க யாருக்குமே சொல்லமாட்டீங்கன்னு சொல்வாங்க. எனக்காகச் செஞ்சீங்க."

டீச்சருக்கு முகம் வெளிறியது. இருபத்தெட்டு வருடம் கட்டிக் காத்ததை இந்தப் பெண் ஒரு நன்றியில் முடித்துவிட்டாளே என்று இருந்தது. அவமானத்தில் கண் கலங்கியது.

"இல்லம்மா. நான் எதையும் சொல்லிக் குடுக்கல. எனக்கு வாசனையே தெரியாது. ரெண்டு வருஷமா எதோட வாசனையும் தெரியாது. அத மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன்."

கணவரையும் மருத்துவரையும் அட்டெண்டர் அண்ணனையும் தவிர வேறு யாரிடமும் வராத வார்த்தை, கடைசியில் ஓர் இஸ்திரிக் கடை வாசலில் வந்துவிட்டது. மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள்.

"அரையாண்டுக்கு முன்னாடி குடுவைய மோந்துட்டு, அம்மோனியான்னு நீங்கதானே டீச்சர் எங்களுக்குக் காட்டினீங்க?"

"அது பழைய அட்டெண்டர் முன்னாடியே பாத்துச் சொன்னது. நான் சும்மா..."

சொல்லும்போதே, அது அந்த இடத்தில் அவசரமாகக் கட்டிய கதைபோல டீச்சர் காதுக்கே பட்டது. அவள் மறுத்துப் பேசவில்லை. மாட்டிக்கொண்ட பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வருகிற இரக்கம்தான் அவள் முகத்தில் இருந்தது.

"சரி டீச்சர். நீங்க கவலப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள். அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "நானும் டீச்சராகத்தான் போறேன். கஷ்டப்படற புள்ளைக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"