சீல் வைத்த ஸ்கேன்

காங்கேயத்தில் கொப்பரைக் களத்துச் சுவரிலிருந்து விழுந்த லோகப்பிரியாவை மத்தியானம் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தார்கள். எட்டு வயசுப் பிள்ளை. முன்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. போதாததற்கு நெஞ்சுச் சளி வேறு. மூச்சு கரகரவென்று இரைந்தது.

மயக்க மருந்து டாக்டர் பொற்கொடிக்கு அந்த இரைச்சல்தான் பயம். முழு மயக்கம் கொடுத்தால் தொண்டை இறுகி மூச்சு அடைபடலாம். கையை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதும். அக்குளில் ஸ்கேன் வைத்தால் நரம்புகள் திரையில் தெரியும். ரத்தக் குழாயில் படாமல் ஊசியை நரம்போரம் கொண்டுபோய் மருந்து விடலாம். பிள்ளைகளுக்காக அந்த மிஷினை வாங்கச் சொல்லி, ஆஸ்பத்திரி முதலாளி ஈஸ்வரமூர்த்தியிடம் நடையாய் நடந்தவள் அவள்.

இப்போது அது பூட்டிய அறையில் கிடந்தது. வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று அதில் திருட்டுத்தனமாகப் பார்த்ததாகப் புகார். அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "பொய்ப் புகாருங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. பொற்கொடியும் நம்பியிருந்தாள்.

"வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாங்களா?" என்று கேட்டாள்.

"வெரலெல்லாம் வெளுத்துட்டு வருதுங்க. இனித் தாங்காது" என்றார் எலும்பு டாக்டர் சரவணன்.

ஸ்கேன் மிஷினுக்குச் சீல் வைத்திருப்பதால் முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டும் என்று பெற்றவர்களிடம் விவரம் சொன்னாள். அப்பன் நஞ்சுண்டன் தலையை ஆட்டினான். அம்மா மயிலாத்தாள் மட்டும் கேட்டாள்: "சக்கரம் வச்சுத் தள்ளீட்டு வருவாங்களே, அந்த மிசினுங்களா?"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"தை மாசம் என்னைய அதுலதானுங்க பாத்தாங்க. பொண்ணுன்னு சொல்லிப்போட்டாங்க."

"சித்த சும்மாரு" என்று நஞ்சுண்டன் அதட்டினான். பார்க்கக் கூடாதென்று நினைத்தும் பொற்கொடியின் கண் மயிலாத்தாளின் வயிற்றுக்குப் போனது. ஒட்டிக் கிடந்தது.

முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பயந்தபடியே தொண்டை இறுகியது. லோகப்பிரியாவின் உதடு நீலம் பாரித்தது. மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, மருந்தேற்றி, குழாயை இறக்கினாள். பிள்ளையின் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கிய பிறகுதான் பொற்கொடிக்கு மூச்சு வந்தது. கை தப்பியது. ஐசியூவில் சில நாள் கிடந்து பிள்ளையும் பிழைத்தாள்.

நஞ்சுண்டன் கையெடுத்துக் கும்பிட்டான். "எங்களுக்கு இருக்கறது இவ ஒருத்திதானுங்க."

அந்தக் கைகளைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது பொற்கொடிக்கு.

அதிகாரிகளிடம் போய், காதில் விழுந்ததைச் சொன்னாள். அவர்கள் மயிலாத்தாளை விசாரித்தார்கள். புருஷன் பக்கத்தில் நின்றான். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தானாக் கலைஞ்சுபோச்சுங்க" என்றாள் அவள்.

ஆதாரமில்லை என்று மிஷினுக்கு வைத்த சீலைப் பிரித்துவிட்டார்கள்.

"பசங்களுக்கு வேணும்னு நீங்கதான அம்மணி கேட்டீங்க? வச்சுக்கோங்க" என்று சிரித்தார் ஈஸ்வரமூர்த்தி.

வேலையை விட்டுவிடத்தான் நினைத்திருந்தாள். அதற்குள் பல்லடத்திலிருந்து உடைந்த கையோடு ஒரு பையன் வந்தான். அவனுக்கும் சளி. பொற்கொடி மிஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள்.